ஹோலிஸ் அண்ணனின் ஷெட்

காலை ட்ரிப் முடித்துப் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த மெயிலைப் பார்த்தேன். ஆறே வரி. எங்கள் ஓடைச் சீரமைப்பு அரசாங்கத்தின் இப்போதைய முன்னுரிமைகளோடு பொருந்தவில்லையாம். ஆகவே மானியம் இன்றோடு ரத்தாம். பதினோரு வருஷம் அலைந்து வாங்கின மானியம். கீழே கையெழுத்துப் போடக்கூட ஒரு ஆள் பெயர் இல்லை.

டாசன் ஓடை எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிறது. மேட்டுத் தெருக்களின் மழைத்தண்ணீர், பழைய இரும்பாலையின் கழிவு எல்லாம் சேர்ந்து இங்கேதான் வரும். நாலு மணி நேரம் மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் ஏறும். யார் வீட்டுக்குள் என்று கேட்க வேண்டாம். அலபாமாவில் பள்ளத்தில் குடியிருப்பது எங்களைப் போன்ற கறுப்பர்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கரையைச் சரித்து, மண்ணை மாற்றி, தண்ணீர் பரவ இடம் விட வேண்டும் என்பது திட்டம். அதற்குக் குறுக்கே நின்றது ஹோலிஸ் டார்வரின் ஷெட் ஒன்றுதான். முப்பது வருஷமாக அதில் புல்வெட்டும் மிஷின்களைப் பழுது பார்த்துத்தான் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு வருஷம் நான் சம்மதக் காகிதத்தோடு போனேன், நாலு வருஷமும் துரத்திவிட்டார்.

"இந்த ஓடையப் பத்தி எழுதின ஆராய்ச்சிப் பேப்பரை எல்லாம் அடுக்கினாலே கரை கட்டிறலாம் டெல்ஃபீன். என் ஷெட்டை ஏம்மா இடிக்கணும்?" என்பார்.

போன இலையுதிர் காலத்தில்தான் மசிந்தார். "முதல்ல இடிப்பாங்க. மே மாசத்துக்குள்ள மேட்டுப் பக்கம் புதுசாக் கட்டிக் குடுப்பாங்க. எழுத்துல இருக்குண்ணே. என்னை நம்புங்க" என்றேன். எழுத்தை அவர் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிப்ரவரியில் இடித்தார்கள்.

மெயிலைப் படித்து முடிக்கவில்லை, ஓடைக்காக நாங்கள் நடத்துகிற குடியிருப்போர் சங்கத்து வக்கீல் போனில் வந்துவிட்டார்.

"மேல்முறையீடு பண்றோம் டெல்ஃபீன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கையெழுத்துப் போட்டவங்ககிட்ட முக்கியமா."

"ஹோலிஸ் அண்ணன் வாசல்ல நிக்கிற பொக்லைனை லாரில ஏத்திக்கிட்டு இருக்காங்க சார். அவருக்குக் கண்ணு இல்லியா?"

"ரிப்பேருக்குப் போகுதுன்னு சொல்லுங்க."

சரி என்று வைத்துவிட்டேன். மனுஷனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பொய் சொல்வதற்கும் தெம்பில்லை. ஈரக்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஹோலிஸ் அண்ணன் பின்வாசலில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து ஒரு மிஷினின் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தார். புல்லில் நீலத் தார்ப்பாய், அதற்கடியில் பதினேழு மிஷின்கள். ஏப்ரல் மாதம். ஊர் முழுக்கப் புல் முழங்கால் உயரம். சம்பாதிக்கிற நாளில் மனிதர் வாடிக்கைக்காரர்களிடம் மே வரை பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, ஓடை மகாராணி! சிமெண்ட்டு என்னிக்கு வருது?"

நான் நின்றேன்.

"வராதுண்ணே."

"இந்த வாரமா?"

"எந்த வாரமும். மானியத்தை நிறுத்திட்டாங்க. காலையில மெயில் வந்துச்சு."

துடைத்த பிளேடை மறுபடியும் துடைத்தார். வாசலில் பொக்லைனை ஏற்றின லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"மொத்தமாவா?"

"மொத்தமா."

"என் ஷெட்டு?"

"அது ரெண்டாம் கட்டத்துல இருக்குண்ணே."

"ஓஹோ. இடிக்கிறது முதல் கட்டம். அது மட்டும் சொன்ன தேதிக்கு முடிஞ்சுபோச்சு, பாத்தியா?" என்று சிரித்தார்.

"வக்கீல் மேல்முறையீடு பண்றாரு. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாரு."

"பின்ன ஏன் வந்த?"

"வேற எப்படிண்ணே? நான்தானே கையெழுத்து வாங்கினேன்."

அவர் பிளேடைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தார். அவர் கத்தாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற மனிதர் அவர்.

"திட்டுங்கண்ணே. நாலு வார்த்தை திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

"உன்னைத் திட்டி என்ன ஆவப்போவுது?" என்றார், மெதுவாக. "முனிசிபாலிட்டிக்காரன் வந்தான், யுனிவர்சிட்டிக்காரன் வந்தான். பொய் சொல்றானுங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது, கதவைச் சாத்திட்டேன். நீயும் பொய்க்காரியா இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன் டெல்ஃபீன். நீ நெசமாவே நம்பிச் சொன்ன."

நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி. அடுத்த மானியத்துக்கு எழுதிப் போடலாம் அண்ணே என்று வாய் வரை வந்தது. பதினோரு வருஷப் பழக்கம். சீ, என்று என்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். யாரோ ஒரு பெண், தன் மிஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள், எனக்கே கேட்டது.

"இல்லம்மா, மே மாசமும் இல்ல," என்றார் ஹோலிஸ் அண்ணன், வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே மரியாதைக் குரலில். "வந்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க. ஆமா, இங்க இனிமே பாக்கறதில்ல. பழைய ரயில்வே ரோட்டுல ஒரு பையன் இருக்கான், நல்லாப் பண்ணுவான். அவன் நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"