யார் தட்டுவது என்று கதவுக்கு யார் சொன்னது?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை அண்ணியிடமிருந்து சுட்டது. அண்ணி வக்கீல். அடித்து உதைக்கும் கணவன்களிடமிருந்து தப்பி வரும் பெண்களுக்காக வாதாடுபவர். நான் துப்பறியும் கதை எழுதுகிறவன்; விஷயத்தைக் கேட்டதும் பரபரவென்று ஆரம்பித்தேன்:

'இருட்டில் ஒரு கை கீபோர்டை நோக்கி நீண்ட—'

(இந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது பட்டப்பகலில். அண்ணி நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.)

2

அவர் மேஜைக்கடியில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சர்வர் கணினி. கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கைப் பார்க்க ஆளுக்கொரு கணக்கு. இலவச மென்பொருளை இறக்கி இதையெல்லாம் அமைத்தவன் அண்ணன். அதற்குள் ஒரு தையல்காரப் பெண்ணின்* புது விலாசம் இருந்தது. அது அவள் புருஷன் கண்ணில் பட்டால் அவள் கதி அதோகதி.

அன்று அவள் கணக்கில் வரிசையாகத் தவறான பாஸ்வேர்டுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு இணைய முகவரியிலிருந்து.

"பயப்படாதே. ஒரே ஆள் அஞ்சு தடவை தப்பாப் போட்டா பூட்டிக்கும்" என்றான் அண்ணன்.

"ஒரே ஆள்தான்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"வர்றவனோட முகவரி கூடவே வருமே."

"அதை எழுதி அனுப்பறது யாரு?"

அண்ணன் மென்பொருளின் அமைப்பைத் திறந்து பார்த்தான். "வந்து... வர்றவனே எழுதிட்டு வந்தாலும் நம்பிடும் போல."

"ஒவ்வொரு தடவையும் புதுப் பேரு, புதுசா அஞ்சு வாய்ப்பு. பேஷ்! கோர்ட்ல யாராவது இப்படி நம்புவாங்களா?"

சொல்லிக்கொண்டே குனிந்து சர்வரின் இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

(* தையல் என் கற்பனை. என்ன தொழில் என்றுகூட அண்ணி சொல்லவில்லை.)

3

இங்கே ஒரு துரத்தல் வைக்கக் கை துறுதுறுத்தது. 'மொட்டைமாடியில் காலடிச் சத்த—' வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய அந்த வேகம் என் துப்பறிவாளர்கள் ஒருவருக்கும் வாய்த்ததில்லை.

சர்வரில் இருந்த பதிவைப் பார்த்தார்கள், யாரும் உள்ளே நுழைந்திருக்கவில்லை. அண்ணி ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காமல், மென்பொருளை எழுதியவருக்கு மட்டும் தனியாகத் தெரிவித்தார். சம்பளமில்லாமல் எழுதுகிற அந்த அம்மாளும் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லி, திருத்தி அனுப்பினார். இப்போது அது வருகிறவன் சொல்லும் பேரை எண்ணுவதில்லை. ஒரு கணக்கின் கதவு எத்தனை முறை தட்டப்பட்டது என்று எண்ணுகிறது.

4

முடிவு (அ): புருஷன் பிடிபடுகிறான்.

முடிவு (ஆ): தட்டியது அவன் அல்ல, வேறு—

இரண்டும் சப்பென்றிருந்தன. அண்ணியிடமே போனேன்.

"அந்தப் பொண்ணு நல்லாயிருக்காங்களா அண்ணி?"

"ம்."

"பக்கத்துலதான் இருக்காங்களா?"

அண்ணி ஒரு வழக்குக் கட்டைப் பிரித்தார்.

"வேலை கிடைச்சுதா? குழந்தை இருக்கா? நிஜமாவே தையல்தானா?"

"தம்பி, அஞ்சு கேள்வி ஆச்சு. பூட்டியாச்சு."

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் பேரில் நீங்கள் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று எழுத இருந்தேன். பிரயோஜனமில்லை. அண்ணியும் இப்போது பேரை எண்ணுவதில்லை.