மேரியம்மாவின் மூன்று சிவப்பு பஸ்கள்

1.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் தேடிப்போகவில்லை. 2007 வசந்தத்தில், ஒஸ்லோவின் ஃபுருசெட்டில், ஞானமலர் அக்கா தன் கம்பனிக் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டு என் தலையில் கட்டியது இது.

அக்கா வடநோர்வேயில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, இன்று முப்பத்தெட்டுப் பேரை வைத்துத் துப்புரவுக் கம்பனி நடத்துபவர். நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சி கேட்டிருந்தது. படிவம் மேசையில் கிடந்தது.

"தம்பி, என்ரை மேரியம்மா மாமியைப் பற்றி எழுது. எங்கடை குடும்பத்திலை எலெக்‌ஷன் கேட்ட ஒரே ஆள். வாசிச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"மாமி வெண்டவவோ?"

"என்ரை அப்புவைக் கேட்டால் சிரிப்பார். சொல்லாமலே செத்துப்போனார். நீ கண்டுபிடி."

2.

தொடக்கம் ஒன்று: பனைகளுக்கு மேலே சூரியன் மெல்ல—

(வெட்டிவிட்டேன். ஒஸ்லோவில் இருந்து எழுதுகிற எல்லோரிடமும் இந்தச் சூரியன் இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: வெள்ளையனை எதிர்த்து நின்ற வீரப்பெண்—

(பொய். மாமி வெள்ளையனை எதிர்க்கவில்லை. அவனுக்கும் ரிக்கற் விற்றார்.)

தொடக்கம் மூன்று: மேரியம்மாவிடம் மூன்று பஸ்கள் இருந்தன.

(இது நிற்கட்டும்.)

3.

இனி வருவதெல்லாம் ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் பிலேந்திரன் அண்ணை சொன்னது. அவருடைய தகப்பன் மாமியின் பஸ் சாரதி.

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், ஊரில் கணவர் இறந்தபோது மேரியம்மாவுக்கு மிஞ்சியது ஒரு பஸ். அதை மூன்றாக்கினார். ஆனால் ரோட்டுக் குழிகளில் மாதம் ஓர் அச்சு முறிந்தது. முறைப்பாட்டோடு ஊர்ச்சபைக்குப் போனார். "பொம்பிளைக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் சபை அங்கத்தவரான சூசைரட்ணம்; வக்கீல் என்பதால் ஊருக்கு அவர் பிரக்கிராசியார். அடுத்த தேர்தலில் மேரியம்மா அவரை எதிர்த்து நின்றார்.

வாக்குப் பெட்டிக்கு நிறம் இருந்த காலம் அது. வேட்பாளருக்கு ஒரு நிறம். சூசைரட்ணத்துக்குப் பச்சை, மேரியம்மாவுக்குச் சிவப்பு. ஒரு கிழமைக்குள் மூன்று பஸ்களும் சிவப்பாகிவிட்டன. பிரக்கிராசியார் மாவட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்கார ஏசண்டுத்துரையிடம் ஓடினார். துரை மேரியம்மாவைக் கூப்பிட்டார்.

"தேர்தல் அன்று உமது பஸ்கள் ஓடக்கூடாது."

"நல்லது துரை. கொட்டிலிலை நிக்கும்."

(துரை தமிழில் கதைத்திருக்க வழியில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு அதிகாரமாவது வேண்டாமா?)

தேர்தல் அன்று காலை வாக்குப் பெட்டிகளை ஏற்றிய அரசாங்க லொறி, சபை மூடாமல் விட்ட அதே குழியில் அச்சு முறிந்து படுத்தது. துரை நேரே மேரியம்மாவின் கொட்டிலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். (தொப்பி என் கற்பனை.)

"நீங்கள்தானே துரை ஓடக்கூடாதெண்டனியள்?"

துரை அங்கேயே நின்று உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று சிவப்பு பஸ்கள், முன்னால் அரசாங்கக் கொடி, உள்ளே பொலிஸ். துரையே மேரியம்மாவுக்கு வாக்குக் கேட்டு வருகிறார் என்று சனம் நினைத்தது.

4.

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்ப்பதை நானும் எழுதினேன். மாலை, வெடி, மூன்று பஸ்களிலும் தொங்கும் கூட்டம். எழுதி முடித்த கையோடு பிலேந்திரன் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, மாமி தோத்தவ. பதினொரு வாக்கு."

"எப்பிடி அண்ணை?"

"பெட்டிக்குக் காவலாய்ப் போன பஸ்சை விட்டு வாக்கு முடியுமட்டும் ஒருத்தரையும் பொலிஸ் இறங்க விடேல்லை. சாரதி, கொண்டக்டர், கிளீனர், பெட்டி தூக்கினவை எண்டு பன்னிரண்டு பேர் வாக்குப் போடேல்லை. மாமியும் அந்தப் பன்னிரண்டுக்குள்ளைதான்."

அந்த வெற்றிப் பக்கத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. கிழித்தேன்.

5.

வியாழன் மாலை அக்கா வாசித்தார். முகம் கறுத்தது.

"தோத்தவவின்ரை கதையையோ கொண்டந்தனீ? என்னைப் பயப்படுத்தவோ?"

"இன்னும் இருக்கு அக்கா."

வென்ற சூசைரட்ணத்திடம் கார் இல்லை. சபைக்குப் போவதென்றால் மேரியம்மாவின் பஸ்தான். முதல் கூட்டத்தன்று மேரியம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு குழியும் தவறவிட வேண்டாமென்று சாரதிக்குச் சொன்னார்.

"பிரக்கிராசியார், முதுகு நோகுதோ?"

மூன்றாம் கூட்டத்தில் ரோட்டுக்குத் தார் போடத் தீர்மானம் வந்தது. அதன் பிறகும் மேரியம்மா இடத்தை மாற்றவில்லை. அடுத்தது ஆஸ்பத்திரி ரோடு, பிறகு சந்தைக்குக் கூரை. ஆறு வருடம். பிரக்கிராசியார் சபையில் பேசியதெல்லாம் பஸ் சனம் அரை மணி முன்னமே மேரியம்மாவின் வாயால் கேட்டது.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப வெண்டது ஆர்?"

நான் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பேனையை எடுத்தார்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அவர் செய்தது தெரியும். ஆனால், "மாமியோடை நிப்பாட்டு, என்னை எழுதாதை" என்று சத்தியம் வாங்கிவிட்டார். நீங்கள் சத்தியம் ஏதும் செய்யவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. படிவம் அவருக்கு முன்னால் கிடக்கிறது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.