உரக்க வாசித்த சீட்டு

போன ஞாயிறு எங்கள் சபைச் செயலாளர், ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற என் அக்காவுக்குப் பிரிவு உபசாரம் நடத்தினார். 'விசுவாசத்திலும் தலைமையிலும் இவரிடம் நாம் கற்ற ஏழு பாடங்கள்' என்று முக்கால் மணி நேரம் பேசினார். அந்த ஏழில் ஒன்றாவது அவர் மண்டையில் ஏறியிருந்தால் இந்த ஞாயிறு அந்தக் கூத்து நடந்திருக்காது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அக்கா முப்பத்தொரு வருஷம் இந்தச் சபைக்கு ஊழியக்காரி. நான் ஆர்கன் வாசிக்கிறவன். கமிட்டியிலும் ஓர் ஓரத்தில் எனக்கு நாற்காலி உண்டு. தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி ஜனங்கள் எழுதிப் பெட்டியில் போடும் சீட்டுகளை அக்கா அன்றே சபையில் வாசிக்க மாட்டாள். கைப்பையில் போட்டுக்கொண்டு வாரம் முழுக்க வீடு வீடாகப் போவாள். எழுதியவரோடு உட்கார்ந்து பேசி, இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்பாள். சரி என்றால்தான் அடுத்த ஞாயிறு வாசிப்பாள். பாதிச் சீட்டுகள் வாசிக்கப்படாமலே போகும். அவற்றுக்காகத்தான் அவள் அதிகம் நடந்தாள். அந்த நம்பிக்கையில்தான் ஜனங்கள் பெயர், வீட்டு எண் எல்லாம் போட்டு எழுதினார்கள்.

செயலாளருக்கு இது ஆகவே ஆகாது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதுவும் அன்றன்றைக்கே முடிய வேண்டும். அக்கா விலகிய மறுநாளே கமிட்டியைக் கூட்டி, அன்றைய சீட்டை அன்றே வாசிப்பது என்று தீர்மானம் போட்டார். இந்த மாற்றத்தை முதலில் சபைக்குச் சொல்ல வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். நானெல்லாம் ஒரு தம்பி.

இந்த ஞாயிறு போதகர் வெளியூர் போயிருந்தார். செயலாளரே மைக்கைப் பிடித்தார். நாலாவது சீட்டு சபையிலுள்ள ஒரு தையல்காரப் பெண்ணுடையது. அவள் பெயரையும் வீட்டு எண்ணையும் கணீரென்று வாசித்து, "என் கணவர் என்னை அடிக்காமலிருக்க ஜெபியுங்கள்" என்று அந்தப் பாவி மனிதர் கடைசி எழுத்துவரை வாசித்து முடித்தார்.

அவள் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். ஒரு பக்கம் புருஷன், மறு பக்கம் மாமியார். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வீட்டுக்குக் கிளம்பு என்றான். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது அங்கிருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செயலாளர் வேர்த்து விறுவிறுத்து, பாட்டை ஆரம்பி என்று எனக்குக் கை காட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஆர்கனை வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரிகூட முடியவில்லை.

"நிறுத்துடா."

கடைசி பெஞ்சிலிருந்து அக்கா நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது பொறுப்பு எதுவும் இல்லை, தயவுசெய்து உட்காரட்டும் என்று செயலாளர் மைக்கிலேயே சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. மூன்றாவது பெஞ்சை மறித்து நின்றாள்.

"வழி விடுங்க. இது எங்க குடும்ப விஷயம்" என்றான் அவன்.

"காலைல வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப மைக்ல வந்தாச்சு." சபையைப் பார்த்துத் திரும்பினாள். "இது காதுல விழுந்தவங்க எல்லாரும் எழுந்திருங்க. நாளைக்கு இவ மேல ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் சாட்சி."

இருநூறு பேர். ஒருவர் விடாமல் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் யாரும் எழுந்த சத்தம் கேட்கவில்லை. இவர்களுக்காகவா முப்பத்தொரு வருஷம் செருப்புத் தேய நடந்தாள் என்று எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது.

அப்போது அவன் அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா காதுல விழுந்துட்டுத்தான் இருக்கு" என்றாள். குனிந்து, மருமகளின் மணிக்கட்டிலிருந்து மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.