மெஷின் முதலில் ஓடிய நாள்

வீட்டைச் சூடாக்கும் மின் மெஷின் போட்டதற்கு வரிச்சலுகை கேட்க, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். பிப்ரவரியில் டுவைட் அங்கே எல்லோருக்கும் இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பான். என் கணவர் லூசியனோடு மீன் பிடிக்கப் போய்வந்தவன்.

“வாங்கின தேதி செல்லாது ஆர்லீன். மெஷின் முதல்ல ஓடின தேதிதான் கணக்கு. எப்ப ஓடுச்சு?”

“ஜனவரியில. சலுகை முடியப்போவுதுன்னு ஊரே வாங்கக் கிளம்பிடுச்சு. மாட்டிக் கொடுக்க ஆளே கிடைக்கல.”

“டிசம்பரோட முடிஞ்சுபோச்சே.” பேனாவை வைத்தவன் குரலைத் தாழ்த்தினான். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ஓடுச்சுன்னு போட்டுடறேன். யாரு வந்து பாக்கப்போறா? லூசியன் இருந்தா அதத்தான் சொல்லுவான். ஒத்த டாலர விடமாட்டானே, கஞ்சப்பய.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அந்த டிசம்பர் முழுக்கப் பழைய எண்ணெய்க் கொதிகலன் அணைந்து அணைந்து எரிந்தது. லூசியன் கம்பளிகளுக்குள் சுருண்டு, “மெஷின் மாட்ட இன்னைக்காவது வருவானா?” என்று தினமும் கேட்டார். புத்தாண்டுக்கு முந்தைய நாள் போய்விட்டார். தேவாலயத்தில் அவருக்கு இறுதிப் பூசை முடிந்த மறுநாள்தான் ஆள் வந்து மாட்டினான். வீடெல்லாம் சூடு பரவியது. நான் ஸ்வெட்டரைக் கழற்றவேயில்லை. மண் உறைந்து கிடப்பதால் அவரை இன்னும் புதைக்கக்கூட இல்லை. வசந்தம் வரட்டும் என்று கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள்.

டுவைட் பேனாவை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

“எழுதாத. டிசம்பர்ல என் வீடு சூடா இருந்துச்சுன்னா, அவரு ஏன்டா நடுங்கினாரு?”