அந்தியேட்டி முடியும் மட்டும்

என் கணவர் அம்பலவாணனுக்கு மானம் பெரிது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எட்மண்டனில் ஒரு மாத மோட்கேஜ் கட்டலாமா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

கிருஷ்ணராசா கட்டிய அடுக்குமாடியில் உள்பூச்சு வேலை முழுவதையும் இவருடைய சின்னக் கம்பனிதான் செய்தது. வேலை முடிந்ததும் அவன் சுவர் கோணல் என்றான், பூச்சு வெடிப்பு என்றான், காசை மட்டும் தரவில்லை. வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க நாங்கள் வீட்டை ஈடு வைத்தோம். பிறகு, கட்டட வேலைச் சண்டைகளை விசாரிக்கிற நடுவரிடம் போனோம். முழுத் தொகையையும் உடனே கொடுக்கச் சொல்லி அவர் கிருஷ்ணராசாவின் கம்பனிக்குத் தீர்ப்பெழுதினார். அன்றைக்கு நான் பாயாசம் காய்ச்சினேன்.

அவன் கொடுக்கவில்லை. எங்கள் வக்கீல் தாரிணி, தஞ்சாவூர்ப் பெண், போனில் சொன்னாள்: "நடுவர் சொல்லிட்டா மட்டும் காசு வந்துடாது சார். கோர்ட்ல ஆர்டர் வாங்கணும். இந்த மாதிரி கேஸை கோர்ட் இழுத்தடிக்காது. நாளைக்கே போட்டுடறேன்."

மறுநாள் கிருஷ்ணராசாவின் தகப்பன் செல்வரத்தினம் செத்துப்போனார். அந்த மனுசனுக்குச் சாக வேறு நாள் கிடைக்கவில்லை.

செத்தவீட்டில் இவர் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கிருஷ்ணராசா இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் மட்டும் பொறுங்கோ. அப்பா நிம்மதியாப் போகட்டும். அதுக்குப் பிறகு ஒரு சதம் விடாமல் தாறன்."

வீட்டுக்கு வந்ததும் இவர் தாரிணிக்குப் போன் எடுத்து, கேஸை ஒரு மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னார்.

"ஒரு மாசம் ரொம்ப அதிகம் சார். அவர் கம்பெனியை மூடிட்டார்னா அந்தத் தீர்ப்பை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"செத்தவீட்டுத் துடக்கோடை இருக்கிறவனைக் கோட்டுக்கு இழுக்க ஏலாது பிள்ளை. நாளைக்கு எங்கட வீட்டிலையும் ஒரு சாவு வரும். அப்ப ஆர் வருவினம்?"

"வீடே போனால் சாவை எங்கை வைக்கிறது?" என்று கேட்டேன். இவர் போனை வைத்துவிட்டுத் தலை முழுகப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் போனோம். மண்டப வாசலில் கிருஷ்ணராசாவின் மூன்று வெள்ளை வான்கள் நின்றன. பழைய கம்பனிப் பெயரைச் சுரண்டிய தடத்துக்கு மேலே 'செல்வரத்தினம் அன்ட் சன்' என்று புதிதாக எழுதியிருந்தது. இவரைப் பிடித்து நிறுத்திக் காட்டினேன்.

"தகப்பன்ரை பேரை வைச்சிருக்கிறான். நல்லதுதானே," என்றார்.

மொட்டைத் தலையும் வேட்டியுமாக, கிருஷ்ணராசாவே வாளியோடு வந்து எங்களுக்குப் பாயாசம் ஊற்றினான்.

"பழைய கம்பனியை முந்தநாள் மூடிப்போட்டன் அண்ணை. அதின்ரை கடன் கணக்கைத் தீர்க்க ஆக்களைப் போட்டிருக்கு. அதிலை ஏதும் மிஞ்சினால் அவை உங்களுக்குத் தருவினம்."

"அப்ப வெளியிலை நிக்கிற வான்கள்?" என்றேன் நான்.

"அது புதுக் கம்பனி அக்கா. மகன்ரை பேரிலை." இவருடைய தட்டில் இன்னொரு வடையை வைத்தான். "அண்ணை, மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ. புது சைட்டிலை பூச்சுக்கு ஆள் காணாது. நாட்கூலிக்கு வாங்கோவன். கம்பனி கிம்பனி எண்டு உங்களுக்கு இனி ஏன் தலையிடி?"

தட்டைத் தூக்கி அவனுடைய முகத்தில் எறிவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட எழுந்து போவதற்கு என் கைப்பையையும் எடுத்துவிட்டேன்.

இவர் வடையை இரண்டாகப் பிய்த்தார்.

"எத்தினை மணிக்கு வரோணும் தம்பி?" என்று கேட்டார்.