முன்னாடி ஒண்ணு

எங்கள் டவுன் பஸ்ஸில் பெண்கள் முன்வாசலில் ஏற வேண்டும், ஆண்கள் பின்வாசலில். புருஷன் பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான். காலை ஏழேமுக்கால் பஸ்ஸில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் எழுபது பேர் நிற்பார்கள். யாருடைய சோற்றுத் தூக்குப்போசி என் இடுப்பில் குத்துகிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வரும்.

"ரெண்டு குடுங்க. முன்னாடி ஒண்ணு, பச்சைச் சேலை."

கண்டக்டர் கழுத்தை நீட்டுவார். நான் கையைத் தூக்குவேன். அவர் முன்பக்கம் வரும்போது "பின்னாடிங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னை விட்டுவிட்டு அடுத்தவளிடம் போய்விடுவார். கல்யாணமாகி நாலு வருஷம் நான் பஸ் டிக்கெட்டைக் கையால் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் அர்த்தநாரி பேச்சில் கஞ்சன். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார், அதிகமானாலும் சொல்ல மாட்டார். ஆனால் தினமும் நான் என்ன சேலை என்பதை மட்டும் தப்பாமல் சொல்லுவார். அதைக் கேட்பதற்காகவே சில நாள் நான் சேலையை மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

அவர் ஓவர்லாக் மிஷின் மெக்கானிக். நான் அதே பனியன் கம்பெனியில் செக்கிங். டவுனுக்குள் கம்பெனி, ஊருக்கு வெளியே லைன் வீடு. தொண்ணூற்றிரண்டாம் வருஷம் தை மாதம், எங்கள் முதலாளியிடம் பனியன் வாங்கும் மால்டாக்காரர் ஒருவர் தன் ஊரிலிருக்கும் தையல் கம்பெனிக்கு மெக்கானிக் ஒருத்தர் வேண்டும் என்று கேட்டார். முதலாளி என் வீட்டுக்காரரைக் கைகாட்டினார். இரண்டு வருஷக் காண்ட்ராக்ட், நடுவில் லீவு கிடையாது. மால்டா எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மேப் புத்தகத்தில் தேடினேன். இத்தாலிக்குக் கீழே கடலுக்குள் ரவை சிந்தியது மாதிரி ஒரு புள்ளி. அதற்குள் எப்படி பஸ் ஓடும் என்று கேட்டேன். "போனாத் தெரியும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

அவரை அனுப்பிவிட்டு நாலாம் நாள் வேலைக்குக் கிளம்பினேன். கண்டக்டர் சுடலை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "டிக்கெட்" என்றார். "பின்னாடிங்க" என்றேன். அவரும் பழக்கத்தில் நகர்ந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து, பாலத்துக்கிட்டே செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

"டிக்கெட் எங்கம்மா?"

"பின்னாடி வாங்கியிருக்காங்க."

"பின்னாடி யாரு?"

சுடலை பின்னால் பார்த்துச் சத்தம் போட்டார். "யப்பா, முன்னால பச்சைச் சேலைக்கு டிக்கெட் எடுத்தது யாரு? கையத் தூக்குங்க!"

பின்னால் நின்ற அத்தனை ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கையும் எழவில்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நடுப் பஸ்ஸில், எழுபது பேருக்கு முன்னால், வாய்விட்டு அழுதேன். ஏர்போர்ட்டுக்கு அனுப்பும்போதுகூட வராத அழுகை அது. இன்ஸ்பெக்டர் பயந்துபோய் அபராதம் போடாமலே அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்.

மால்டாவிலிருந்து முதல் கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல், இங்கே காற்று அதிகம், சோறு கிடைக்கிறது. அடுத்த கடிதமும் அதேதான், சோறு இடம் மாறி முன்னால் வந்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காற்றை நான் என்ன செய்ய? "காத்தும் சோறும் வேண்டாம். காலையில எந்திரிச்சு வேலைக்கு எப்படிப் போறீங்க, அதை எழுதுங்க. அங்க பஸ்ல உங்களுக்கு யாரு டிக்கெட் தர்றாங்க?" என்று எழுதிப் போட்டேன்.

அதற்கு வந்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே எழுதிய நீளமான கடிதம். முக்கால் பக்கம். அந்த ஊரில் ஆணும் பெண்ணும் ஒரே வாசலில் ஏறுகிறார்களாம். கண்டக்டரே கிடையாது, டிரைவரே காசை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறாராம். விசில் கிடையாது. தலைக்கு மேலே ஒரு கயிறு போகும், இறங்குகிறவர் அதை இழுத்தால் மணி அடிக்குமாம். நம் பஸ்ஸில் முருகன் படம் இருப்பதுபோல அங்கே மாதா படமும் பிளாஸ்டிக் பூவும் இருக்கிறதாம். இவர் ஏறும் பஸ்ஸில் தினமும் ஒரே கிழவர்தான் டிரைவர், தொப்பி போட்டவர். கூடவே பஸ் டிக்கெட்டுகளையும் வைத்திருந்தார். நம் ஊர் டிக்கெட்டைவிடச் சின்னது, ஆனால் தாள் நல்ல தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு கவரிலும் டிக்கெட் வந்தது. எழுத்து குறைய ஆரம்பித்தது, டிக்கெட் பெருக ஆரம்பித்தது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவர் விரல் பட்ட தாள். பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன். ராத்திரிக்கு அதைத் திறந்து மோந்து பார்ப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பவுடர் வாசந்தான் வரும், இருந்தாலும் பார்ப்பேன்.

ஆடி மாதம் ஒருநாள் பெருமையாக டப்பாவைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் உட்காருகிற ஆயம்மாளக்காவுக்குக் காட்டத்தான். அந்த அக்காவுக்கு இருபது வருஷ செக்கிங் அனுபவம். பனியனை எடுத்தால் முதலில் பண்டல் நம்பரைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் ஓட்டை, கறை எல்லாம். டிக்கெட்டையும் அப்படித்தான் பார்த்தார். சோற்றுப்போசியை நகர்த்திவிட்டு ஒன்றொன்றாக டேபிளில் பரப்பினார். அவர் முகம் மாறியது.

"ஏங்கண்ணு, இதைப் பார்த்தயா? நம்பர் ரெண்டு ரெண்டா வருது."

"அப்படின்னா?"

"இதுல நாப்பத்தொண்ணு, இதுல நாப்பத்திரண்டு. இங்க எழுவத்தேழு, எழுவத்தெட்டு. எல்லாமே சோடி." அவர் குரலைத் தணித்தார். "ஒத்தை ஆளு எதுக்குக் கண்ணு ரெண்டு டிக்கெட்டு எடுக்கோணும்?"

நான் டிக்கெட்டுகளை அள்ளி டப்பாவில் போட்டு மூடினேன். அன்று மத்தியானம் ஓட்டை விழுந்த பத்துப் பனியனாவது நல்ல பண்டலில் போயிருக்கும். ஒரே வாசலில் ஆணும் பெண்ணும் ஏறுகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறாரே. அவர் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து போகிறாள். அவளுக்குக் கண்டக்டரிடம் கையைத் தூக்கிக் காட்டும் வேலைகூட இல்லை. நாலு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பஸ்ஸில் போயிருக்கிறேனா? அவளுக்கு வெள்ளைக் கால், கவுன், சின்னக் கைப்பை எல்லாம் நானே போட்டுவிட்டேன். பேர் மட்டும்தான் வைக்கவில்லை.

அன்றைக்கே எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது. "உங்க பக்கத்துல உக்காந்து வர்றவ பேரு என்ன? எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நம்பரே காட்டிக்குடுத்துருச்சு. இனிமே ஒரு டிக்கெட் எடுக்க முடிஞ்சா எனக்கு எழுதுங்க. இல்லாட்டி அங்கயே இருந்துக்குங்க." தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கையை வெளியே எடுக்கும்போதே போட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் அந்தப் பெட்டி போட்டதைத் திருப்பித் தராது.

போக பதினைந்து நாள், வர பதினைந்து நாள். பஸ்ஸில் "ஒண்ணு" என்று கேட்டு என் டிக்கெட்டை நானே வாங்கினேன். வாங்கும்போதெல்லாம் அவரைத் திட்டினேன். ஆனால் பின்னால் எவனாவது ஒருவன் "ரெண்டு குடுங்க" என்று சொன்னால் என் கழுத்து தானாகத் திரும்பியது. கை பாதிவரை எழுந்துவிடும். எழுந்த கையால் தலையைச் சரிசெய்வதுபோல் நடிப்பேன். அவர் வேண்டும் என்று எனக்கு இருந்தது. எவளோடு போனாலும், எப்படியிருந்தாலும், அந்தக் குரல் வேண்டும் என்று இருந்தது. இதை அப்போது கேட்டிருந்தால் யாரிடமும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

முப்பத்துமூன்றாம் நாள் கவர் வந்தது. சாப்பாட்டு மணிவரை பிரிக்கவில்லை. ஆயம்மாளக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட பிறகுதான் பிரித்தேன்.

"மயிலாளுக்கு, அர்த்தநாரி எழுதுவது. நலம். நீ கேட்ட ஆள் யாரும் இல்லை. இங்கே வந்த முதல் நாள் பஸ்ஸில் ஏறியதும் என்னை அறியாமல் இரண்டு விரலைக் காட்டிவிட்டேன். டிரைவர் இரண்டு கிழித்துக் கொடுத்தார். தப்பு என்று சொல்ல எனக்கு பாஷை இல்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள், வாங்கிக்கொண்டேன். மறுநாளும் விரல் இரண்டாகத்தான் நீண்டது. மூன்றாம் நாள் ஒன்றுதான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். நான் கேட்கும் முன்பே அவர் இரண்டு கிழித்து வைத்திருந்தார். அப்புறம் விட்டுவிட்டேன். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒருநாள் இன்னொரு ஆள் எங்கே என்று சைகையில் கேட்டார். முன்னாடி என்று கையைக் காட்டினேன். முன்னால் கண்ணாடியும் ரோடும்தான் இருந்தது. உன் போட்டோவை எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஒரு டிக்கெட்டை என் கையில் கொடுப்பார், இன்னொன்றை அவரே போட்டோ இருக்கும் என் சட்டைப்பையில் போடுவார். அது உன்னுடையது என்பதால் அதையும் சேர்த்து அனுப்பினேன். பஸ் போகும்போது இன்றைக்கு நீ என்ன சேலை என்று நினைப்பேன். முன்னெல்லாம் தெரிந்துவிடும். இப்போது சரியாக வரவில்லை.

நீ எழுதியபடி நேற்று ஒரு விரலைக் காட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பஸ்ஸை எடுக்கவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நான் அப்படி இல்லை, அப்படி இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. என் தோளைத் தட்டினார். டிக்கெட் இத்துடன் இருக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது."

கவரைத் தலைகீழாகத் தட்டினேன். ஒற்றை டிக்கெட் டேபிளில் விழுந்தது. ஆயம்மாளக்கா பழக்கத்தில் நம்பரைப் பார்க்கக் குனிந்தவர், பார்க்காமலே நிமிர்ந்துவிட்டார்.

"நீ செத்துட்டீன்னு அந்த டிரைவரு நினைச்சுட்டாரா கண்ணு?" என்றார். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "என்ற வாயி சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"உங்க வாயி என்னங்கக்கா பண்ணுச்சு? எழுதுனது என்ற கைதானுங்க."

மறுநாள் காலை ஏழேமுக்கால் பஸ்ஸில் சுடலை என்னிடம் வந்தபோது இரண்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன்.

"ரெண்டு குடுங்க. பின்னாடி ஒண்ணு."

"பின்னால யாரும்மா? அண்ணாச்சி ஊருல இருந்து வந்துட்டாரா?" சுடலை சந்தோஷமாகக் கழுத்தை நீட்டினார். "என்ன சட்டை?"

நாலு வருஷம், ஒரு நாள் விடாமல் அவர் என் சேலையைப் பார்த்து வைத்திருந்தார். அவர் என்ன சட்டையில் நின்றார் என்று நான் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்காவிட்டால் என்ன, பார்த்திருக்கலாமே.

"தெரியலீங்க," என்றேன். "நீங்க குடுங்க."

சுடலை பின்பக்கம் ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் இரண்டு கிழித்து, இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். "திங்கட்கிழமை பச்சை. செவ்வாய் மாம்பழக் கலர். புதன் நீலம், கரை சிவப்பு. வியாழன் நீங்க தீவாளிக்கு எடுத்தது. வெள்ளி மஞ்சள். சனிக்கிழமை மறுபடியும் பச்சை. இதை மாத்த மாட்டேன். தேட வேண்டாம். கடுதாசி கண்டதும் ரெண்டு எடுங்க. அந்தப் பெரியவருக்கு என்ற போட்டோவைக் காட்டி, இவ உசுரோடதான் இருக்கறாள்னு எப்படியாச்சும் சொல்லிப்போடுங்க. நீங்க என்ன சட்டை போட்டுட்டுப் போறீங்கன்னு எனக்கு எழுதுங்க." இரண்டு டிக்கெட்டையும் தாளுக்குள் மடித்து வைத்துக் கவரை ஒட்டினேன்.

கவுண்டரில் இருந்தவர் கவரை எடைபோட்டு ஸ்டாம்பு கொடுத்தார்.

"ஏனுங்க, இது சீக்கிரமாப் போறதுக்கு வழி இல்லீங்களா?"

"மால்டாவுக்கா? பதினஞ்சு நாள் ஆகுமுங்க. பிளேன் போற போக்குல நாமென்ன பண்றது?"

கவரைப் பெட்டிக்குள் விட்டேன். இந்த முறை அது விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன். இன்னும் பதினைந்து நாள் என் வீட்டுக்காரர் ஒரு விரலைக் காட்டித்தான் பஸ் ஏறுவார். அதுவரை அந்த ஊரில் நான் செத்தவள்.