சுலாயின் கை

சுலாயின் கையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு இறாலிடம் ரத்தம் எடுத்து முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்திருப்பாள். மச்சாலா நகரில் எங்கள் இறால் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலைதான் வரப்போகிறது என்று கூடத்தின் தலைவர் டாக்டர் அவெய்கா சொல்லியிருந்தார். எட்டு வருடமாக அதற்குக் காத்திருந்தவள் நான். அவள் போன கார்னிவல் திருவிழாவுக்குப் பிறகு வந்தவள்.

முதல் நாள் இறாலுக்குக் கிருமியை ஊசியில் ஏற்றுவோம். அதை எதிர்க்க இறாலின் ரத்தத்தில் ஒரு புரதம் துண்டு துண்டாக உடையும். மறுநாள் அந்த ரத்தத்தை உறிஞ்சி டாக்டருக்குக் கொடுப்போம். அவர் உள்ளறையில் துண்டுகளை மட்டும் மருந்தாகப் பிரித்தெடுப்பார். கிருமி வளர்ந்த தட்டில் அந்த மருந்தை ஒரு சொட்டு விட்டால் சுற்றிலும் எல்லாம் செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும். கையுறை போட்டால் இறால் வழுக்கும் என்று வெறுங்கையால்தான் பிடிப்போம்.

ஒரு நாள் ரத்தம் எடுக்கும்போது ஒரு இறாலின் தலைமுள் சுலாயின் உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது.

"அக்கா, இந்த ரத்தம்தானே தட்டுல கிருமியக் கொல்லுது? இதையே கொஞ்சம் காயத்துல ஊத்திக்கவா?"

பிரிக்காத ரத்தம் அது. நாங்கள் ஏற்றிய கிருமி அதில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஊத்திக்கயேன். டாக்டருக்கே தோணாத வைத்தியம் உனக்குத் தோணுது," என்றேன்.

சிரித்துக்கொண்டே ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அவள் உள்ளங்கை கறுத்து வீங்கியது. அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். டாக்டர் அவள் காயத்துச் சீழைக் கேட்டு வாங்கி வந்தார். அதைத் தட்டில் வளர்த்து, பிரித்த மருந்தை ஒரு சொட்டு விட்டது நான்தான். அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரிய வட்டம். டாக்டர் அதைப் படமெடுத்துச் சுவரில் மாட்டினார். வேலை எனக்குக் கிடைத்தது. வருத்தப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்துச் சுலாய் வந்தாள். எனக்காக வாழைக்காய் உருண்டை செய்து, மிச்சமிருந்த கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சுவரில் இருந்த படத்தின் முன் நின்றாள்.

"எவ்வளவு பெருசா விழுந்திருக்கு. இது எதுல எடுத்த கிருமி அக்கா?"

"ஏதோ ஒரு இறால்ல."

"பாத்தியா, நீ சொன்னது சரிதான். நான்தான் பயந்துக்கிட்டு கொஞ்சமா ஊத்திட்டேன்."

உருண்டை இன்னும் சூடாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதும் தின்றேன்.